பாரிஸில் பூங்காச் சாப்பாடு: தட்டு, ஸ்பூன், கத்தி எல்லாம் எங்கே வாங்குவது? முழுமையான வழிகாட்டி

பாரிஸில் நாலு பேர் மதியச் சாப்பாட்டுக்கு ஓர் உணவகத்தில் உட்கார்ந்து எழுந்தால் 80 யூரோ கரைவது சாதாரணம். அதே நாலு பேர் தெருமுனை பேக்கரியில் இரண்டு பகெத் ரொட்டி, பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் கொஞ்சம் சீஸ், தக்காளி, தயிர், திராட்சை வாங்கிக்கொண்டு பூங்காவுக்குப் போனால், அதில் கால் பங்கு செலவில் வயிறு நிறைந்துவிடும். காசைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. வயதான அப்பா அம்மாவையோ சின்னக் குழந்தைகளையோ கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு, ஆர்டர் எடுத்து, சாப்பாடு வந்து, பில் வரும்வரை ஒரே நாற்காலியில் உட்கார வைத்திருப்பது பெரும்பாடு. புல்தரையில் அந்தத் தொல்லை இல்லை. பாரிஸ்காரர்களே வெயில் தலைகாட்டினால் சேன் நதிக்கரையிலும் சான் மார்த்தான் கால்வாய் ஓரத்திலும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து இப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

தடங்கல் சின்னச் சாமான்களில்தான் வரும். தயிர் வாங்கிவிடுவோம், ஸ்பூன் இருக்காது. வெள்ளரிக்காய் இருக்கும், கத்தி இருக்காது. ஊரிலிருந்தே எல்லாவற்றையும் மூட்டை கட்டலாம் என்றால் கைப்பையில் கத்தி போக முடியாது. தினமும் அட்டைத் தட்டும் மரக்கரண்டியும் வாங்கினால் ஒரு வாரத்தில் அதற்கே நல்ல தொகை போய்விடும், குப்பையும் சேரும். என் யோசனை இதுதான்: போன முதல் நாளே ஒரு மணி நேரம் ஒதுக்கி, பயணம் முழுவதற்கும் போதுமான சின்ன செட் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை எப்படிச் சேர்ப்பது என்பதைப் பாரிஸை வைத்தே சொல்கிறேன். மற்ற ஊர்களுக்கு எங்கே மாறும் என்பது கடைசியில்.

முதல் படி: பாத்திரத்துக்கு முன் சாப்பாட்டை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் நேராகக் கடைக்குப் போய் ஃபோர்க், ஸ்பூன், கத்தி, தட்டு, கிண்ணம் என்று அள்ளிப் போடுகிறார்கள். பாதி பையிலேயே கிடக்கும். என்ன சாப்பிடப் போகிறோம் என்று தெரிந்தால் சாமான் பட்டியல் தானாகச் சுருங்கும்.

பகெத்துக்குக் கத்தி வேண்டாம். கையால் ஒடித்துத்தான் சாப்பிடுவார்கள். பேக்கரியில் ‘த்ரதிஸ்யோன்’ என்று கேட்டு வாங்குங்கள். 1993இல் வந்த அரசாணைப்படி அந்தப் பெயரில் விற்கும் ரொட்டியின் மாவை உறைய வைக்கக் கூடாது, ரசாயனச் சேர்ப்புப் பொருள் போடக் கூடாது. ருசி வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். காலையில் வாங்கியது மாலைக்குள் விறைத்துப்போகும் என்பதால் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன் வாங்குவதே நல்லது. பெரிய உருண்டை ரொட்டி வேண்டுமென்றால் ‘த்ரான்ஷே’ என்று சொன்னால் கடையிலேயே இயந்திரத்தில் துண்டு போட்டுத் தருவார்கள்.

சீஸில் கமம்பேர் வகை பிக்னிக்குக்கு என்றே செய்தது மாதிரி இருக்கும். 250 கிராம் வட்டம், மெல்லிய மரப்பெட்டியில் வரும். பெட்டியின் மூடியே தட்டு. சீஸ் மென்மையாக இருப்பதால் ஸ்பூன் காம்பாலோ ரொட்டித் துண்டாலோ எடுத்துக்கொள்ளலாம். கொம்த்தே மாதிரி கெட்டியான சீஸ் வாங்கினால் ‘ஆன் த்ரான்ஷ், சில் வூ ப்ளே’ என்று கேளுங்கள், மெல்லிய துண்டுகளாக வெட்டித் தருவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. கமம்பேர் த நோர்மந்தி, கொம்த்தே, ரோக்ஃபோர் போன்ற பாரம்பரிய சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டி போன்ற இளம் விலங்கின் வயிற்றிலிருந்து எடுத்த நொதியைச் சேர்க்கிறார்கள். அதைத் தவிர்ப்பவர்கள் பாக்கெட்டில் ‘வெஜெதாரியன்’ என்று போட்டிருக்கும் சீஸைத் தேடுங்கள். ஆட்டுப்பால் சீஸானாலும் இந்தச் சோதனை தேவை.

கத்தி வேண்டாத காய்கறி, பழம் நிறைய உண்டு. செர்ரி தக்காளி, சின்ன முள்ளங்கி, திராட்சை, வாழைப்பழம், ஆப்ரிகாட், உரித்துத் தின்னும் ஆரஞ்சு. டப்பாவில் அடைத்த கொண்டைக்கடலை, சோளம், மத்தி மீன் பெரும்பாலும் வளையத்தை இழுத்துத் திறக்கும் மூடியோடுதான் வருகின்றன. வாங்கும்போதே வளையம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் டப்பா திறப்பான் வாங்கும் செலவு மிச்சம். குளிர்பெட்டியில் இருக்கும் ரெடிமேட் சாலட் டப்பாக்கள் பலவற்றில் மூடிக்கடியில் ஃபோர்க் இருக்கும். அந்த ஃபோர்க்கைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் சில நாள் ஓடும்.

சோறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு: சூப்பர் மார்க்கெட்டில் 250 கிராம் பாக்கெட்டில் வெந்த பாஸ்மதி சோறு கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். தங்கும் இடத்தில் மைக்ரோவேவ் இருந்தால் காலையிலேயே சூடாக்கி, இனிப்புச் சேர்க்காத தயிரைக் கலந்து டிபன் பாக்ஸில் அடைத்துவிடலாம். தயிர் டப்பாவில் ‘நத்துயூர்’ என்று இருக்க வேண்டும். இதற்கு ஒரு ஸ்பூன் போதும், அதுகூட இல்லாமல் கையாலும் சாப்பிடலாம். பூங்காவில் கையால் சாப்பிடத் தயங்க வேண்டியதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் கையால்தான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டாம் படி: ஊரிலிருந்து எடுத்துப் போக வேண்டியவை

நான் எடுத்துப்போகச் சொல்வது மிகக் குறைவு. ஆளுக்கு ஓர் எவர்சில்வர் ஸ்பூன். ஆளுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவில். இரண்டு அகலமான டிபன் பாக்ஸ், மூடி இறுக்கமாக இருக்கட்டும். டப்பா கிண்ணமாகும், மூடி தட்டாகும். மடிக்கிற சிலிக்கோன் டம்ளர்களை விளம்பரத்தில் பார்த்து வாங்காதீர்கள். நிலையாக நிற்காது, சோப்பு வாசனையும் போகாது.

ஒரு பழைய நாலு முழ வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள். விரித்து உட்கார அதைவிட இலேசான துணி கிடையாது. ராத்திரி அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். ஐரோப்பாவில் காலை நேரத்தில் புல் ஈரமாக இருக்கும். அதனால் சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் பெரிய நெய்த பை ஒன்றை வாங்கி, ஓரத் தையலைப் பிரித்து வேட்டிக்கடியில் விரித்தால் ஈரம் ஏறாது.

மஞ்சப்பையும் வேண்டும். பிரான்ஸில் 2016 ஜூலையிலிருந்து கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் பை தருவதில்லை. பை கொண்டுபோகாவிட்டால் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

விமானத்தில் ஸ்பூனும் டம்ளரும் கைப்பையில் போகலாம். ஃபோர்க்கையும் கத்தியையும் செக்-இன் பையில் போடுங்கள். ஃபோர்க்கை விடுகிற விமான நிலையம் உண்டு, எடுத்து வைத்துக்கொள்கிற விமான நிலையமும் உண்டு. சோதனை செய்யும் அதிகாரியின் முடிவே கடைசி. துபாய், தோஹா வழியாக மாறிப் போகிறவர்களுக்கு அங்கே மறுபடி ஒரு சோதனை இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கேம்பிங் அடுப்பின் கேஸ் குப்பியை எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. பாரிஸ் பூங்காக்களில் அடுப்பு பற்றவைக்கவும் அனுமதி இல்லை, ஆகவே அந்த யோசனையே வேண்டாம். தயிர், நெய், பனீர் போன்ற பால் பொருட்களையும் இறைச்சியையும் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பயணிகள் கொண்டுவரத் தடை உண்டு. அவற்றை அங்கேதான் வாங்க வேண்டும்.

மூன்றாம் படி: எந்தக் கடைக்குப் போவது

தூக்கி எறியும் சாமான் வாங்கலாமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலை 3 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, ஃபோர்க், ஸ்பூன், கத்தி, ஸ்ட்ரா விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2019லேயே பிளாஸ்டிக் தட்டும் கோப்பையும் நிறுத்தப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இப்போது கிடைப்பது மரத்தில் செய்ததும் அட்டையில் செய்ததும்தான். மரக்கத்தி தக்காளித் தோலைக்கூட அறுக்காது. மர ஸ்பூன் தயிருக்குப் பரவாயில்லை, ஆனால் நாக்கில் மரச் சுவை ஒட்டும். அவசரத்துக்கு ஒருநாள் வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

நீடித்து உழைக்கும் சாமானுக்கு நான் முதலில் அனுப்புவது மோனோப்ரீக்கு. 1932இல் தொடங்கிய கடைத்தொடர். பாரிஸில் நீங்கள் தங்கியிருக்கும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பெரும்பாலும் ஒன்று இருக்கும். பெரிய கிளைகளில் சாப்பாடு ஒரு தளம், வீட்டுச் சாமான் ஒரு தளம். ஸ்டீல் ஸ்பூனும் ஃபோர்க்கும் தனித்தனியாகவும் விற்பார்கள். ஆறு ஆறாக அடைத்த செட் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. தெருவுக்குத் தெரு இருக்கும் கார்ஃபூர் சிட்டி, ஃப்ரான்ப்ரீ போன்ற சின்னக் கடைகளில் பாத்திரப் பகுதி ஓர் அலமாரிதான். ஆனால் கோடையில் பிக்னிக் சாமானை வாசல் பக்கமே அடுக்கி வைத்திருப்பார்கள்.

விலை குறைவாக வேண்டுமென்றால் ஹேமா. 1926இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த டச்சுக் கடை. சமையலறைச் சாமான் எளிமையாக, உறுதியாக இருக்கும். வளைகிற மெல்லிய பிளாஸ்டிக் வெட்டுப் பலகையை இங்கே தேடுங்கள். எல்லோரும் கத்தியைப் பற்றியே கவலைப்படுவார்கள், பலகையை மறந்துவிடுவார்கள். மடியில் வைத்து வெள்ளரிக்காய் நறுக்க வேண்டிய நிலை வரும்போதுதான் அதன் அருமை தெரியும். பையின் முதுகுப் பக்கத்தில் தாள் மாதிரி நழுவிப் போய்விடும், சாப்பிடும்போது பரிமாறும் தட்டாகவும் ஆகும். நான் வாங்கச் சொல்லும் சாமான்களில் காசுக்கு அதிகம் பயன் தருவது இதுதான்.

டெகத்லானை இந்தியாவிலேயே பலருக்குத் தெரியும். 1976இல் லீல் நகருக்குப் பக்கத்தில் தொடங்கிய பிரெஞ்சுக் கடை. மடிக்கும் ஸ்பூன், மூடியுள்ள கிண்ணம், கேம்பிங் தட்டு எல்லாம் மலையேறுகிறவர்களுக்காகச் செய்தவை. இலேசானவை, உடையாதவை. பாரிஸுக்குள் மாட்லென் பகுதியில் ஒரு கிளை இருக்கிறது. சென்னையிலும் கிளை இருப்பதால், இதையே வாங்குவதென்றால் ஊரிலேயே வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

பழைய சாமான் வாங்குவதில் தயக்கம் இல்லாதவர்களுக்கு எம்மாயுஸ். அபே பியேர் என்ற பாதிரியார் 1949இல் வீடற்றவர்களுக்காகத் தொடங்கிய அமைப்பு அது. மக்கள் கொடுக்கும் பொருட்களைச் சரிசெய்து விற்கிறார்கள், வருமானம் அங்கே வாழ்கிறவர்களுக்கே போகிறது. ஒரு கூடை நிறைய ஸ்டீல் ஸ்பூனும் ஃபோர்க்கும் கலந்து கிடக்கும். ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஆனால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், கனமும் உறுதியும் புதியவற்றைவிட நன்றாகவே இருக்கும். வசந்த காலத்திலும் செப்டம்பரிலும் வார இறுதிகளில் தெருக்களில் ‘வீத் க்ரெனியே’ என்று வீட்டுப் பழைய சாமான் சந்தை போடுவார்கள். எதிர்ப்பட்டால் நின்று பாருங்கள்.

எவர்சில்வர்தான் வேண்டும், ஊரில் எடுத்துவைக்க மறந்துவிட்டது என்றால் லா ஷபெல் போகலாம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஃபோபூர் சான் தெனி தெருவின் மேல்முனையில், ஈழத் தமிழர்கள் 1980களிலிருந்து கட்டி வளர்த்த கடைத்தெரு அது. டம்ளர், தட்டு, கிண்ணம், அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் கண்ணுக்கு நேரே தொங்கும். தமிழிலேயே கேட்டு வாங்கலாம். அப்புறம், அதே தெருவில் சுடச்சுட வடையும் ரோல்ஸும் வாங்கிக்கொண்டால் அன்றைய பிக்னிக்குக்கு ஒரு பாத்திரமும் தேவைப்படாது. அங்கிருந்து சான் மார்த்தான் கால்வாய்க்கு நடந்தே போய்விடலாம்.

மற்ற கடைகளில் கேட்க இந்தச் சொற்கள் போதும்: ஸ்பூன் ‘க்வியேர்’, ஃபோர்க் ‘ஃபூர்ஷெத்’, கத்தி ‘கூத்தோ’, தட்டு ‘அஸியெத்’, டம்ளர் ‘கோபெலே’, துடைக்கும் காகிதம் ‘ஸெர்வியெத்’. உள்ளே நுழைந்ததும் முதலில் ‘போன்ஷூர்’ சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் பல கடைகள் மூடிவிடும், ஆகவே சனிக்கிழமையே வேலையை முடியுங்கள்.

கடைக்கே போகாமல் பாத்திரம் சேர்க்கவும் வழி உண்டு. பிரான்ஸில் சில கடுகு விழுது (மஸ்டர்ட்) வகைகள் கண்ணாடி டம்ளரில் அடைத்து வரும். கடுகு தீர்ந்ததும் வீட்டில் தண்ணீர் குடிக்க வைத்துக்கொள்வார்கள். பிரெஞ்சு வீடுகள் பலவற்றின் அலமாரியில் இதைப் பார்க்கலாம். லா ஃபெர்மியேர் தயிர் அழகான பீங்கான் குவளையிலும் கண்ணாடிக் குவளையிலும் வருகிறது. ஒருமுறை தயிர் சாப்பிட்டால் அந்தக் குவளை உங்களுடையது. வாடகை வீட்டில் தங்கியிருந்தால் அங்குள்ள ஸ்பூனையும் ஃபோர்க்கையும் எடுத்துப் போய்விட்டு எண்ணித் திருப்பி வைக்கலாம். ஹோட்டலில் காலை உணவுப் பகுதியில் ஒரு கத்தி கேட்டால் பல இடங்களில் இரவல் தருவார்கள். கேட்காமல் எடுத்து வராதீர்கள்.

நான்காம் படி: கத்தி

இதில் அவசரப்படாமல் யோசித்து முடிவெடுங்கள். பிரான்ஸில் சரியான காரணம் இல்லாமல் எந்தக் கத்தியையும் உடம்பிலோ பையிலோ வைத்துக்கொண்டு நடமாடுவது குற்றம், சிறைத் தண்டனைவரை போகலாம். சின்ன மடக்குக் கத்திக்கும் அதே சட்டம்தான். பிக்னிக்குப் போவது நியாயமான காரணம் என்றாலும், அதை முடிவு செய்வது உங்களை நிறுத்திக் கேட்கும் போலீஸ்காரர். ரொட்டி, சீஸ், தட்டு ஆகியவற்றோடு துணியில் சுற்றிப் பையின் அடியில் இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே வராது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி ஊர் சுற்றப் போகும்போது அறையிலேயே விட்டுவிடுங்கள்.

எந்தக் கத்தி? குடும்பப் பயணத்துக்கு என் தேர்வு, முனை மழுங்கி ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும் சின்ன மேஜைக் கத்தி. தக்காளி, வெள்ளரி, ரொட்டி மூன்றையும் அறுக்கும், குழந்தை கையில் எடுத்தாலும் குத்தாது. 1884இல் தொடங்கிய சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின் 11 சென்டிமீட்டர் தக்காளிக் கத்தி இந்த வகைக்கு நல்ல உதாரணம், விலையும் அதிகமில்லை. உறை இல்லையென்றால் பால் பெட்டி அட்டையை நீளவாக்கில் மடித்து, இரண்டு ரப்பர் பேண்ட் போட்டால் உறை தயார்.

பிரெஞ்சுக்காரர்கள் பிக்னிக்குக்கு எடுப்பது ஒபினெல் மடக்குக் கத்தி. சவ்வா மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் உருவாக்கியது. மரப்பிடி, எண் வரிசையில் அளவு. 8ஆம் எண்ணின் அலகு, அதாவது வெட்டும் தகடு, 8.5 சென்டிமீட்டர். வாங்குவதானால் ‘இனோக்ஸ்’ (துருப்பிடிக்காத எஃகு) என்று பொறித்ததை வாங்குங்கள். கார்பன் எஃகு வகை எலுமிச்சைச் சாறும் தக்காளிச் சாறும் பட்டுக் கறுத்துத் துருப்பிடிக்கும். உருண்டை முனையுள்ள குழந்தைகள் வகையும் இருக்கிறது. பாத்திரப் பிரியர்கள் லே ஆல் பகுதியில் 1820லிருந்து நடக்கும் தெயில்ரென் கடைக்குப் போய்வாருங்கள். செம்புப் பாத்திரங்கள் கூரைவரை தொங்கும் அந்தக் கடையில் காய்கறி நறுக்கும் சின்னக் கத்தியும் கிடைக்கும்.

ஈஃபிள் கோபுரம், லூவ்ர் அருங்காட்சியகம் போகும் நாட்களில் கத்தி வேண்டாம். ஈஃபிள் கோபுரத்தைச் சுற்றி 2018லிருந்து கண்ணாடிச் சுவர் இருக்கிறது. கோபுரத்தின் அடியில் நிற்பதற்கே பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட வேண்டும். கத்தியோடு கண்ணாடி பாட்டிலையும் உள்ளே விட மாட்டார்கள், கொடுத்து வைக்க லாக்கரும் கிடையாது. அன்றைக்கு ரொட்டி, துண்டு போட்ட சீஸ், செர்ரி தக்காளி, வாழைப்பழம் என்று கத்தியில்லாச் சாப்பாடாக வைத்துக்கொண்டு, சோதனைக்கு வெளியே ஷாம் த மார்ஸ் புல்வெளியில் உட்காருங்கள்.

ஐந்தாம் படி: உட்காருவது, குடிப்பது, கழுவுவது

எல்லாப் புல்லிலும் உட்கார முடியாது. லக்ஸம்பர்க் தோட்டத்தில் பெரும்பாலான புல்தரைக்குத் தடை. ஆனால் பச்சை இரும்பு நாற்காலிகள் நூற்றுக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன, இழுத்துப்போட்டு வட்டமாக உட்காரலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் இதுதான் சரியான இடம். குழந்தைகள் ஓடியாட வேண்டுமென்றால் 1867இல் திறந்த பூத் ஷோமோன் பூங்கா. சரிவான பெரிய புல்வெளிகள், யாரும் எழுப்ப மாட்டார்கள். குளிர்காலத்தில் பல பூங்காக்களில் ‘பெலூஸ் ஓ ரெப்போ’ என்று பலகை இருக்கும். புல்லுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள், அங்கே மிதிக்கக் கூடாது.

தண்ணீர் வாங்காதீர்கள். பாரிஸ் குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றது. ரிச்சர்ட் வாலஸ் என்பவர் 1872இல் நகரத்துக்குக் கொடுத்த கரும்பச்சை வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய்கள் இன்றும் தெருக்களில் ஓடுகின்றன, நாலு பெண் சிலைகள் கூரையைத் தாங்கி நிற்கும். ஒரு டம்ளர் கையில் இருந்தால் நாள் முழுவதும் தாகத்துக்குக் காசே ஆகாது. சில பூங்காக்களில் கேஸ் ஏற்றிய சோடாத் தண்ணீர்க் குழாயும் இருக்கிறது. முதலாவது 2010இல் ரூயி தோட்டத்தில் வந்தது.

வாலஸ் குழாயில் பாத்திரம் கழுவாதீர்கள், அது மற்றவர்கள் குடிக்கும் தண்ணீர். சாப்பிட்டதும் காகிதத்தால் துடைத்து டப்பாவில் போட்டு மூடி, அறைக்குப் போய்க் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் வாங்கிச் சுமக்க வேண்டாம். ‘சவோன் த மார்செய்’ என்ற மார்செய் சோப்புக்கட்டி ஒன்று போதும். பாரம்பரிய வகையில் 72 சதவீதம் எண்ணெய் என்று முத்திரையே இருக்கும். பாத்திரத்துக்கும் ஆகும், உள்ளாடை துவைக்கவும் ஆகும், கட்டியாக இருப்பதால் விமானத்தின் 100 மில்லி விதியும் குறுக்கே வராது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் கால் துண்டு வெட்டி அதனோடு வைத்துக்கொள்ளுங்கள். கை கழுவ, தெருவோரம் இருக்கும் சாம்பல் நிறத் தானியங்கிக் கழிப்பறைகள் உதவும். 2006லிருந்து அவை இலவசம்.

மற்ற நாடுகளில் எது மாறும்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். பானம் வாங்கும் பாட்டிலுக்கும் கேனுக்கும் பெரும்பாலும் 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள், காலிப் பாட்டிலை சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2024 கடைசியில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தொலைதூர ரயில்களில் கத்தியைக் கைக்கு எட்டும்படி வைத்திருக்கக் கூடாது. ஏறுவதற்கு முன்பே நறுக்கி டப்பாவில் அடைத்துவிட்டு, கத்தியைப் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள்.

பாரிஸிலிருந்து லண்டனுக்கு ரயிலில் போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஏறும்போது விமான நிலையம் போலவே பைகளைச் சோதிக்கிறார்கள். பிரிட்டனில் காரணம் எதுவும் சொல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடியது, 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மிகாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தி மட்டும். ஒபினெல் 8ஆம் எண்ணில் அலகைப் பூட்டும் வளையம் இருப்பதால் அது இந்தச் சலுகையில் சேராது. லண்டன் போவதற்கு முன் கத்தியை பாரிஸிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஸ்பூன், தட்டுக்கு அங்கே தெருவுக்குத் தெரு, நன்கொடையாக வந்த பழைய சாமானை விற்கும் தர்மக் கடைகள் இருக்கின்றன, ஆக்ஸ்ஃபாம் அவற்றில் ஒன்று.

ஜப்பானில் வேலை இன்னும் சுலபம். டைசோ மாதிரியான 100 யென் கடைகளில் வரியோடு 110 யென்னுக்கு ஸ்பூன், கிண்ணம், மூடியுள்ள டப்பா, விரிப்பு எல்லாம் கிடைக்கும். 24 மணி நேரக் கடையில் சாப்பாடு வாங்கினால் சாப்ஸ்டிக்ஸும் ஈரத் துடைப்பானும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியைக் காரணமின்றி வைத்திருக்கக் கூடாது, அதைவிடச் சிறியதற்கும் கேள்வி வரும். கத்தியே வேண்டாத சாப்பாடுதான் அங்கே சரி. தெருவில் குப்பைத்தொட்டி அரிது என்பதால் குப்பையை அறைவரை கொண்டுபோக ஒரு பை தனியாக வையுங்கள்.

திரும்பும்போது

கடைசி நாள் பிக்னிக் முடிந்ததும் கத்தியைக் கழுவி, உறையில் போட்டு, அப்போதே செக்-இன் பெட்டியின் நடுவில் துணிக்குள் செருகிவிடுங்கள். மறுநாள் காலை அவசரத்துக்கு விட்டால் அது கைப்பையிலேயே தங்கிவிடும். ஐரோப்பிய விதிப்படி கைப்பையில் 6 சென்டிமீட்டர் அலகுவரை அனுமதி உண்டு என்று நம்பி எடுத்துப் போகாதீர்கள். மாறும் விமான நிலையத்தில் அந்த விதி செல்லாது. கைப்பை மட்டுமே கொண்டுவந்தவர்கள், தங்கிய வீட்டுக்காரருக்கோ ஹோட்டல் வரவேற்பில் இருப்பவருக்கோ கத்தியைக் கொடுத்துவிடலாம். மேஜைக் கத்தி, ஃபோர்க், வெட்டுப் பலகை போன்றவற்றைக் கழுவித் துடைத்து எம்மாயுஸில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். போவதற்கு முன் அந்தக் கிளை பொருட்கள் வாங்கும் கிழமையையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.